பனிமலைத் திரையும் பூநாரைகளும்

என் ஸ்டுடியோவில் ஒரு பனிமலை இருந்தது. துணியில்தான். நாடகங்களுக்குத் திரை எழுதுகிற ஒருவர் எனக்காக எழுதிக் கொடுத்தது. மூன்று வெள்ளைச் சிகரங்கள், அடியில் ஓர் ஏரி, ஏரிக்குள் தலைகீழாக அதே மூன்று சிகரங்கள். அவரும் பனியைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, தூத்துக்குடியில் யாரும் பார்த்ததில்லை. அதனால் குறை சொல்ல ஆளில்லை. கப்பல் கம்பெனி குமாஸ்தா, கருப்பட்டி மண்டி முதலாளி, வெள்ளைக் கவுன் போட்ட மணப்பெண் என்று எல்லாரும் அந்த மலையடிவாரத்தில் வேர்த்து விறுவிறுத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

படம் எடுப்பது என் தொழிலில் பாதிதான். மீதிப் பாதி தூரிகை. மணப்பெண்ணின் கன்னத்தில் லேசாகச் சிவப்புத் தடவுவேன். வழுக்கைத் தலையில் நாலு முடி வளர்ப்பேன். கழுத்து மொட்டையாக இருந்தால் வெள்ளைப் புள்ளிகளை வரிசையாக வைத்து முத்துமாலை போட்டுவிடுவேன். முத்துக் குளிக்கிற ஊர் என்று பெயர். அந்தக் காலத்தில் ஊரிலிருந்த முத்துகளில் பெரும்பகுதி என் தூரிகை நுனியில் பிறந்தவை. கடலுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்காமலே இத்தனை முத்து எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இது போதாதென்று என் வாயும் சும்மா இருக்காது. வந்தவர்களைச் சிரிக்க வைத்தால்தான் படம் நன்றாக விழும் என்று எதையாவது அளந்துவிடுவேன். ஆகவே நான் மழை பெய்கிறது என்று சொன்னால், கேட்டவர் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். அது எனக்குப் பழகிப்போன விஷயம்.

என் மனைவிக்குப் பழக்கமில்லை. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுப் பெண். வெற்றிலைக் கட்டில் ஓட்டை இலை இருந்தால் அதை வாங்குகிறவரிடம் தானே எடுத்துக் காட்டிவிடுவாளாம். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து எனக்குக் கட்டி வைத்திருந்தார்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மாசி மாதக் கடைசியில் அவளை ஆத்தூரிலிருந்து அழைத்து வருகிறேன். உப்பளங்களுக்குப் பக்கத்தில் பஸ் டயர் வெடித்துவிட்டது. டிரைவர் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நாங்கள் வரப்பில் ஏறி நின்றோம். கடல் நீரைத் தேக்கி வைத்திருந்த பெரிய பாத்தியில் ஒரு கூட்டம் பூநாரை. நெட்டைக் கால், நெட்டைக் கழுத்து, தலையைக் கவிழ்த்து மூக்கால் தண்ணீரை அரித்துக்கொண்டிருந்தன. பஸ்காரன் ஹாரன் அடித்தான். எல்லாம் ஒரே சமயத்தில் இறக்கை விரித்தன. விரித்ததும் உள்ளே இருந்த நிறம் வெளியே வந்தது பாருங்கள், ரோஜா நிறம். என் டப்பாவிலிருந்த கன்னச் சிவப்பு அதன் முன்னால் வெறும் செங்கல்பொடி.

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனவள் இதை வீட்டில் சொல்லியிருக்கிறாள். சொந்தக்காரர்கள் கூடியிருந்த நேரம். அவளுடைய அப்பா வெற்றிலையை மடித்தபடியே, "ரோஸ் கலர்ல கொக்கா? சரிதான், மாப்ள காத்து ஒனக்கும் பட்டுட்டு" என்றிருக்கிறார். வீடே சிரித்திருக்கிறது. அந்த உப்பளத்து வழியாகத் தூத்துக்குடி மார்க்கெட்டுக்கு வெற்றிலைக் கட்டோடு ஓயாமல் போய்வருகிறவர் அவர். ஆனால் விடியுமுன் மாட்டு வண்டியில் தூங்கிக்கொண்டே போவார், வெயிலில் தலையில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டே வருவார்.

திரும்பி வந்தவள் என்னிடம் சண்டை பிடிக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சொன்னாள்: "இத்தன வருசத்துல ஐயா என் பேச்ச ஒருநாளும் தட்டுனதில்ல. ஒங்களக் கட்டுனேன், என் வாய்க்கும் மதிப்புப் போயிட்டு."

எனக்குச் சுருக்கென்றது. என் பெயர் கெட்டால் அது என் சொத்து, அனுபவித்துக்கொள்ளலாம். அவளுக்கும் அதில் பங்கு போய்ச் சேர்ந்ததுதான் தாங்கவில்லை.

"இவ்வளவுதானா? படம் பிடிச்சு ஒங்க ஐயா கையில குடுக்கேன். அப்புறம் என்ன சொல்லுதாருன்னு பாப்போம்" என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை. கப்பல் கேப்டனையே கன்னத்தைத் தட்டித் திருப்பி உட்கார வைத்தவன் நான், நாரை எம்மாத்திரம்? ஆனால் கோடைக்காற்று தொடங்கிவிட்டால் பறவைகள் போய்விடும். யுத்தகாலத்துப் பஞ்சம் தீராமல் படம் பிடிக்கிற கண்ணாடி பிளேட்டும் கிடைப்பது அருமை. கையில் இருந்ததைக் கொண்டு காரியத்தை முடித்தாக வேண்டும்.

முதல் நாள் முக்காலியை நட்டு, பெட்டிக் கேமராவை ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். மூன்று மரக்கால், இரண்டு மனிதக்கால், ஒற்றைக் கண்ணோடு ஒரு கறுப்புப் பிராணி வந்து நிற்பதாகப் பூநாரைகள் நினைத்திருக்க வேண்டும். பிளேட்டில் விழுந்தது தண்ணீர் மட்டும். இன்னொரு நாள் வரப்புக்குப் பின்னால் படுத்து ஊர்ந்தேன். வரப்பு முடிந்த இடம் எனக்குத் தெரியவில்லை. உப்புத் தண்ணீரில் விழுந்து எழுந்து, காய்ந்து, வேட்டி அப்பளமாக விறைத்து நிற்க வீடு வந்தேன். "கஞ்சி போடுத செலவு மிச்சம்" என்றாள் மனைவி. பல நாள் கழித்து அவள் பேசிய முதல் கேலி. அதுவே எனக்குத் தெம்பாக இருந்தது.

விழுந்த இடத்தில் ஒன்றைப் பார்த்திருந்தேன். உப்புச் சுமக்கும் பெண்கள் தலையில் ஓலைக் கடகத்தோடு வரிசையாக அந்தப் பெரிய பாத்தியின் ஓரமாகவே போகிறார்கள், வருகிறார்கள். பூநாரைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியென்றால் நானும் ஒரு கடகத்தைத் தூக்க வேண்டியதுதான்!

கங்காணியிடம் சொல்லிவிட்டு, ஒரு கடகத்தில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே கேமராவை வைத்து, தலையில் சும்மாடு கூட்டி, பெண்கள் வரிசையில் கடைசி ஆளாகச் சேர்ந்தேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தேன். முன்னால் போன பெண் திரும்பிப் பார்த்தாள்.

"ஏளா, இங்கன பாரு, புது ஆளு வந்திருக்கு. மீசையெல்லாம் வச்சிருக்கு!"

"யாரு? ஓ, படக்கட அண்ணாச்சியா! என்ன அண்ணாச்சி, நாரைக்கும் கல்யாணப் படமா?"

"ஆமா. பொண்ணு வீட்டுல அவசரப்படுத்துதாவ" என்றேன்.

"அப்ப ஒரு முத்துமால வரஞ்சு விட்டுருங்க. கழுத்து நீளம்லா, அண்ணாச்சிக்குக் கை ஓஞ்சிரும்."

சிரிப்பில் கடகங்கள் குலுங்கின. நான் குலுங்கினால் லென்ஸ் போய்விடும் என்பதால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தேன். பாத்தி ஓரத்தில் கடகத்தை இறக்கி வரப்பில் வைத்துவிட்டு, இளைப்பாறுகிறவன் போலப் பக்கத்தில் குந்தினேன். பூநாரைகள் மேய்ந்தன. பின்னால் உப்பு அம்பாரங்கள் குவித்து வைத்திருந்தார்கள், வெயிலில் கண்ணைப் பறிக்கிற வெள்ளை. கடகத்தை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். மூன்று அம்பாரங்கள் பறவைகளுக்குப் பின்னால் அழகாக வந்து உட்கார்ந்து, தண்ணீரிலும் தலைகீழாக விழுந்தன. ஆகா, இதுதான் இடம் என்று கை தானாகவே சொன்னது. மூச்சை அடக்கி அழுத்தினேன்.

அன்று பிளேட்டைக் கழுவிப் பிரதி போட்டபோது எனக்கே என்னைப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு காலும் கம்பி மாதிரி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கு. ரோஸ் எங்க?"

நானும் பார்த்தேன். கறுப்பு, வெள்ளை, இரண்டுக்கும் நடுவே சாம்பல். பத்து வருஷமாக இதே தொழில். நிறத்தை நிரூபிக்க வேண்டி, நிறமே விழாத பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு உப்பளத்தில் நடந்திருக்கிறேன். அது அந்த நிமிஷம் வரை என் மண்டையில் ஏறவில்லை.

"அதனால என்ன, தூரிகை இருக்குல்லா?" என்று டப்பாவைத் திறந்தேன். அவள் வேண்டாம் என்றாள். "இல்லாதத வைக்கல, இருந்தத வைக்கேன்" என்றேன். பார்த்த நிறத்தை ஞாபகத்திலிருந்து எடுத்து இறக்கை ஓரங்களில் மட்டும் தடவினேன். வாழ்க்கையில் நான் வைத்த ஒரே உண்மையான வர்ணம்.

அடுத்த பஸ்ஸில் ஆத்தூர். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதில் நானும் அவளும் நிற்கிறோம். பின்னால் மூன்று வெள்ளைச் சிகரங்கள், ஏரி, ஏரியில் தலைகீழாக மூன்று சிகரங்கள்.

"மாப்ள, அதே மலைதான?"

"மாமா, அது திரை. இது உப்பு அம்பாரம்."

"சரி சரி. அன்னைக்கு என் மவ கன்னத்துல அடிச்ச செவப்பு மிச்சம் இருந்திருக்கு, கொக்குக்கு அடிச்சிட்டீங்க. அழகாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல."

சத்தியம் செய்ய வாயைத் திறந்தேன். அது என் வாய் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். மனைவி இரண்டு படங்களையும் பார்த்தாள். அவள் அழுவாள் என்று பயந்தேன். அவள் செருப்பைத் தேடினாள்.

"ஐயா, கெளம்புங்க."

"ஏளா, எங்க?"

"உப்பளத்துக்கு. நான் பொய் சொன்னேனான்னு அங்கன வந்து சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் துண்டை எடுத்தார். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தாள். எனக்கோ பறவைகள் போயிருக்குமோ என்று கவலை. காற்று திசை மாறி வீசிக்கொண்டிருந்தது.

நல்லவேளை, கொஞ்சம் பறவைகள் மிச்சம் இருந்தன. இறக்கையை மடித்துக்கொண்டு, அப்பாவிகள் போல, வெள்ளை வெளேரென்று நின்றன. மடித்த இறக்கையில் நிறம் எல்லாம் உள்ளே போய்விடும். பூநாரையின் குணம் அது. மாமனார் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"இதா? வெள்ளக் கொக்கு. கொஞ்சம் வளந்த கொக்கு." மகளைப் பார்த்தார். "ஏளா, இதுக்கா என்ன இழுத்துட்டு வந்த?"

அவள் முகம் சுருங்கியது. "இறக்கைய விரிக்கட்டும் ஐயா, பொறுங்க" என்றாள். அவர் பொறுக்கவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. கொடிக்காலுக்கு அடுத்து அவருக்கு வயலும் உண்டு. விதைப்பு வயலில் கொக்கைக் கண்டால் என்ன செய்வாரோ அதையே செய்தார். துண்டைத் தலைக்குமேல் சுழற்றி, "ஏய்... ஓஹோய்!" என்று ஒரு கூப்பாடு போட்டுக் கையைத் தட்டினார்.

அத்தனையும் விரிந்தன. வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பும், சிவப்பின் ஓரத்தில் கறுப்புமாக எங்கள் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி, கடல் பக்கம் திரும்பின. மாமனாரின் கை தட்டிய நிலையிலேயே நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது. வாயில் வெற்றிலை இருந்ததால் அங்கேயும் சிவப்பு. கேமராவைக் கொண்டுவராததற்கு இன்றும் வருந்துகிறேன்.

பறவைகள் புள்ளியாகும்வரை பார்த்துவிட்டு அவர் துண்டைத் தோளில் போட்டார். "நெசந்தாம்ளா" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணிருக்கணும்" என்றார். அவள் அவர் செருப்பில் ஒட்டியிருந்த உப்பைக் குனிந்து தட்டிவிட்டாள். பஸ்ஸில் எனக்கும் அவருக்கும் நடுவே உட்கார்ந்து ஆத்தூர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் மாமனார் ஸ்டுடியோவுக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. மார்க்கெட்டில் வெற்றிலைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். "அண்ணாச்சிக்கும் மாப்ள காத்து பட்டுட்டு" என்று அவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

"மாப்ள, நான் அந்தக் கொக்குக் கூட்டத்துல நிக்க மாதிரி ஒரு படம் வேணும்."

"பறவை போயிட்டே மாமா."

அவர் குரலைத் தணித்தார். "மல இருக்கு. நான் இருக்கேன். ஒங்ககிட்ட தூரிகை இருக்கு. பாத்தத தான வரையப் போறீங்க?"

என் கை டப்பாவை நோக்கிப் போனதென்னவோ உண்மை. திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஐயா! அதெல்லாம் வேண்டாம். மார்கழில திரும்ப வரும். ஒங்க மார்க்கெட்டு ஆளுங்க அத்தன பேரையும் பஸ்ல ஏத்திக் கூட்டிட்டு வாங்க."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் டப்பாவை மூடினேன். வந்ததற்கு ஒரு படமாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவரைப் பனிமலைக்கு முன்னால் நிறுத்தினேன். சிரிக்க மறுத்துவிட்டார்.