ஈக்கள் கண்டுபிடித்த கட்டைவிரல்

பத்தொன்பது வருடம் அவள் ஈக்களுக்குச் சமைத்தாள். கல்லூரியின் பழ ஈ ஆய்வகத்தில் அதுதான் வேலை. மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், உறைய வைக்கக் கடற்பாசி அகர். கட்டி தட்டாமல் கிளறி, ஆறுமுன் சின்னத் தட்டுகளில் ஊற்ற வேண்டும். அங்கே எல்லோருக்கும் அவள் சமையல்காரம்மா. வீட்டில் சாப்பாட்டின்மேல் ஒரு ஈ உட்கார்ந்தால் போதும், கணவர் ஆரம்பித்துவிடுவார்: "உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க, கவனி."

அந்த வருடம் ஆராய்ச்சி மாணவி ஒரு சோதனை தொடங்கினாள். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு தட்டு. ஒன்றில் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் ஒரு சொட்டு. மற்றது வெறும் தட்டு. பெண் ஈ எதில் முட்டையிடுகிறது என்று எண்ண வேண்டும்.

"ஆரஞ்சுலதான்க்கா போடும். ஈயோட புழுவைக் குத்தி, அதுக்குள்ள முட்டை வைக்கிற குளவி ஒண்ணு இருக்கு. அதுக்கு அந்த வாசனையே ஆகாது. அதனால பிள்ளைங்களுக்கு அதுதான் பத்திரமான இடம்."

"பெக்கறதுக்கு முன்னாடியே இவ்வளவு யோசிக்குதா? நான் யோசிச்சிருந்தா என் பொண்ணு பொறந்தே இருக்க மாட்டா."

மூன்று வாரம் ஈக்கள் சொன்னபடி கேட்டன. நான்காவது வாரம் வெறும் தட்டிலும் முட்டைகளைக் கொட்டித் தீர்த்தன. மாணவி அழுதாள். பேராசிரியர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சமையல்லதான் ஏதோ கோளாறு. திங்கட்கிழமையிலிருந்து கம்பெனியில தயாரிக்கிற ஈ உணவையே வரவழைச்சிடலாம்னு இருக்கேன். உங்களுக்கு இனிமே சிரமம் வேண்டாம்."

"பத்தொன்பது வருஷமா ஒரு ஈகூட குறை சொன்னதில்லை சார்."

"ஈ எப்படிம்மா சொல்லும்?"

அவர் போனதும் அவள் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெறும் தட்டுகளில் முட்டைகள் பரவலாக இல்லை. விளிம்பில் ஒரே இடத்தில் பிறைபோலக் குவிந்திருந்தன. பன்னிரண்டு தட்டிலும் அதே பிறை. ஒன்றைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் அச்சாக அந்தப் பிறைமேல் போய் உட்கார்ந்தது.

விரலை மோந்து பார்த்தாள். தூக்கிவாரிப் போட்டது. ஆரஞ்சு!

கொதிக்கும் அகரும் பாத்திரம் கழுவும் சோடாவும் அவள் கையை வெடிக்க வைத்திருந்தன. வெளியூரில் இன்ஜினியராக இருந்த மகள் போன வாரம்தான் ஆரஞ்சு மணக்கும் கிரீம் அனுப்பியிருந்தாள், 'மூணு வேளையும் தடவணும், ஏமாத்தாதே' என்ற கட்டளையோடு. அவளும் ஏமாற்றவில்லை.

கிரீமை ஒளித்து வைத்தால் ஈக்கள் திருந்திவிடும். ஆனால் பழி சமையல்மேலேயே நிற்கும், கம்பெனி உணவு வந்துவிடும். விரல் நிறையக் கிரீம் தொட்டு, ஒரு வெறும் தட்டின் நடுவில் அழுத்திக் கூண்டுக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை, தட்டின் நடுவில் முட்டைகளாலேயே ஒரு கட்டைவிரல்.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"தப்பு என்னுதுதான் சார். ஆனா சமையல்ல இல்ல, விரல்ல."

"என் சோதனைகூட இவ்வளவு சுத்தமா வந்ததில்லைக்கா!" என்றாள் மாணவி.

பேராசிரியர் தலையைச் சொறிந்தார். "கம்பெனிக்காரங்ககிட்ட இப்ப நான் என்ன சொல்றது?"

"ஈக்களுக்கு என் கைப்பக்குவம்தான் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கம்பெனி வரவில்லை.

அன்று மாலை மகள் போனில் கேட்டாள்: "கிரீம் தடவுறியாம்மா?"

"மூணு வேளையும்டி."

பொய். சனிக்கிழமை மாலை ஆய்வகத்தைப் பூட்டிய பிறகுதான் கிரீமைத் தொடுவாள். திங்கட்கிழமை காலை வாசனையில்லாத சோப்பால் மூன்று முறை கழுவுவாள்.

அடுத்த வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். இதையெல்லாம் மகள் தெரிந்துகொண்டது சாவு வீட்டில், அந்த மாணவி சொல்லித்தான். இருவரும் சிரித்துவிட்டார்கள். வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அலமாரியில் கிரீம் டியூப் கிடைத்தது. கத்தரியால் நீளவாக்கில் வெட்டி, மூலையெல்லாம் வழித்திருந்தாள் அம்மா. உள்ளே ஒரு பழ ஈ உட்கார்ந்திருந்தது. விரட்ட மகளுக்கு மனம் வரவில்லை.