பூட்டு உடையவில்லை

ஏழாவது சைக்கிள் காணாமல் போன அன்று பிற்பகல், பழவங்காடிக்குப் பக்கத்தில் இருக்கும் பொதுச் சைக்கிள் நிறுத்தத்தில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நடுவில் மாடம்மாள் நின்றாள். அங்கே பகல் காவல் அவளுடையது. ஓட்டல் சமையற்காரன் தாசையன் தன் சாவியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"எனக்க பூட்டுக்க சாவி இன்னா எனக்க கையில கெடக்கு. அறுத்த சங்கிலி தரையில உண்டா? உடைச்ச பூட்டு உண்டா? ஒண்ணும் இல்ல. பின்ன சைக்கிளு எப்பிடிப் போச்சு? காவலுக்கு இருக்கவ கள்ளி. அதான் போச்சு."

அந்தக் கேள்வி மாடம்மாளுக்கும் இருந்தது. இரண்டு மாதத்தில் ஏழு சைக்கிள்கள் போயிருந்தன. ஏழும் பகலில், அவள் காவலில் போனவை. இரவில் வாசல் இரண்டையும் பூட்டிவிடுவார்கள். அப்போது ஒன்றும் போகவில்லை. கூட்டத்தில் நின்ற, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள், கடைப்பையன்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தினமும் அவளிடம் "வரட்டுமாக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். அன்று ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. கணவன் வேல்சாமி சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். மாடம்மாள் ஐந்து வருடம் சாலைக் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் குடோனில் இருந்தாள். பெட்டியில் துண்டு துண்டாக வரும் சைக்கிளை நட்டு முடுக்கி முழு வண்டியாக நிறுத்துகிற வேலை. பெண்தானே என்று யாரும் அவள் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி வைத்ததில்லை. ஒரு நாளைக்குப் பதினெட்டு வண்டி நிறுத்துவாள். குடோன் மூடிய பிறகுதான் இந்தக் காவல் வேலை.

மறுநாள் காலை பெருக்கும்போது அது நடந்தது. நிறுத்தத்தின் பின்வரிசை ஒரு பெரிய விளம்பரப் பலகைக்குப் பின்னால் இருந்தது. அவள் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த வரிசையில் ஒரு சக்கரம்கூடத் தெரியாது. அதை ஒட்டியே பின்வாசல், சந்தைக்குப் போகிறவர்கள் கேட்டுக்கொண்டதற்காகத் திறந்துவிட்டது. குனிந்து பெருக்கியவள் நிமிரும்போது, சைக்கிளைச் சேர்த்துப் பூட்டுகிற இரும்பு வளையத்தில் கையை ஊன்றினாள். வளையம் ஆடியது.

உட்கார்ந்து பார்த்தாள். வளையத்தின் இரண்டு காலும் தரையில் நாலு நட்டால் முடுக்கப்பட்டிருந்தன. ஒரு நட்டைத் தொட்டாள். விரலுக்கே சுற்றியது. நட்டின் முனைகளில் நீலச் சாயம் உரிந்து இரும்பு பளபளத்தது. அடுத்த வளையமும் அப்படியே. முன்வரிசைக்கு ஓடிப் பார்த்தாள். அங்கே சாயம் கலையாமல் இருந்தது.

யாரோ ஒருவன் பலகை மறைவில் உட்கார்ந்து, நட்டுகளை முன்கூட்டியே இளக்கிக் கையால் திருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிறகு வேண்டும்போது வந்து நாலையும் கழற்றி, வளையத்தைத் தூக்கி, அடியில் சங்கிலியை உருவி, வளையத்தைத் திரும்ப வைத்துவிட்டால் போதும். பூட்டு சைக்கிளோடேயே போய்விடும்.

அன்று மாலை வேல்சாமியிடம் சொன்னாள். அவன் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நீ யார்ட்டயும் சொல்லாத, கேட்டியா. குடோன்ல அஞ்சு வருசம் நட்டு முடுக்குனவளாச்சேன்னு ஒருத்தன் சொன்னா முடிஞ்சுது. எப்படித் திருடணும்னு தெரிஞ்சவ நீ ஒருத்திதாம்னு ஆயிரும்."

"சொல்லலேன்னா மட்டும் விட்டுருவாங்களா?"

"வேலய விட்டுட்டு வந்துரு."

"விட்டுட்டு வந்தா, கள்ளி ஓடிட்டாம்பாங்க."

அவன் எழுந்து கை கழுவப் போனான். இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு எஸ்.ஐ. வருவார், நிறுத்தத்தை வடிவமைத்த பொறியாளர் ஷிஜாவும் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். பத்தரைக்கே, நிறுத்தத்தை நடத்தும் ஒப்பந்தக் கம்பெனியின் மேற்பார்வையாளன் அனில் கையெழுத்து வாங்க ஒரு தாளோடு வந்தான்.

"சேச்சி, இவிடெ ஒப்பு போடு. கவனக்குறைவு, சொந்த விருப்பத்தில போறேன்னு மட்டும்தான் இருக்கு. கேஸ் ஒண்ணும் வராம ஞான் பார்த்துக்கறேன்."

அவள் தாளை வாங்கினாள். எழுத்து மலையாளம், அவளுக்கு அரைகுறையாகத்தான் வாசிக்க வரும். "அவங்க வரட்டும் சாரே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எஸ்.ஐ. வந்தார். ஷிஜா வந்தாள், முப்பது வயதுக்காரி, கையில் சுருட்டிய வரைபடம். தாசையனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளில் வந்தான்.

மாடம்மாள் அவனிடம் போனாள். "அண்ணாச்சி, பின்வரிசையில இந்த வளையத்துல உங்க கையாலயே பூட்டுங்க. சாவிய நீங்களே வச்சுக்கோங்க."

தாசையன் எஸ்.ஐ.யைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். பூட்டினான். இரண்டு முறை இழுத்தும் பார்த்தான்.

அவள் உட்கார்ந்தாள். ஸ்பானர் இல்லை, வெறும் விரல். நாலு நட்டு, ஒரு தூக்கு, ஒரு உருவு. சங்கிலி பூட்டியபடியே தொங்க, சைக்கிளை நாலடி தள்ளி நிறுத்தினாள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அனில்தான் முதலில் வாயைத் திறந்தான். "கண்டோ சார்? அவளே காட்டிட்டா."

எஸ்.ஐ. அவள் பக்கம் வந்தார். "இது எப்போ தெரியும்?"

"நேத்து காலையில."

"நேத்தே ஏன் சொல்லல்ல?"

"பயம், சாரே."

"நட்டு வேல எங்க படிச்ச?"

வேல்சாமி சொன்னது காதில் ஒலித்தது. இருந்தாலும் சொன்னாள். "சைக்கிள் குடோன்ல. அஞ்சு வருசம்."

எஸ்.ஐ. அதை எழுதிக்கொண்டார்.

ஷிஜா இதற்குள் சேலையைப் பற்றிய கவலை இல்லாமல் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு வளையமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். பின்வரிசையில் ஐந்து வளையங்கள் இளகியிருந்தன. எழுந்து எஸ்.ஐ.யிடம் வந்தாள்.

"சார், இது என்றெ பிழை" என்றாள். "முதல்ல காலு ரெண்டையும் கான்கிரீட்டுக்குள்ள புதைக்கணும்னுதான் வரைஞ்சேன். ரோடு அகலமாக்கினா எடுத்து மாத்தணுமேன்னு போல்ட் ஆக்கினது ஞான்தான். பலகை ட்ராயிங்ல இல்ல. அது பின்ன கம்பெனிக்காரங்க வச்சது." அனிலைப் பார்த்தாள். அவன் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். "பூட்டு உடையல்ல, அதனால இவங்கதான்னு இனி சொல்ல ஒக்காது. கையுள்ள ஆரும் செய்யலாம்."

"இவளும் செய்யலாம்" என்றார் எஸ்.ஐ. ஆனால் அவர் குரல் முன்போல இல்லை. யோசித்துவிட்டு, வளையங்களை அப்படியே விட்டு வைக்கச் சொன்னார். மஃப்டியில் ஒரு காவலர் இருப்பார், மாடம்மாள் வழக்கம்போல நாற்காலியில் இருக்க வேண்டும், யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.

காவலர் பார்க்கப்போவது திருடனை மட்டுமல்ல, தன்னையும்தான் என்பது அவளுக்குப் புரிந்தது.

மூன்று நாள் அப்படிப் போயிற்று. அவள் எழுந்தால் லாட்டரிக் கடையோரம் நிற்கும் காவலரின் தலை திரும்பும். தண்ணீர் குடிக்கப் போனாலும் திரும்பும். யாராவது பலகைக்குப் பின்னால் போனால் அவர்கள் வெளியே வரும்வரை பலகையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு "வரட்டுமாக்கா" என்று போவார்கள்.

நாலாம் நாள் உச்சிவெயிலில், இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் அலுவலகப் பையுமாக ஒருவன் வந்தான். சைக்கிள் இல்லாமல் வந்தான். பலகைக்குப் பின்னால் போனான். மாடம்மாள் லாட்டரிக் கடையைப் பார்த்தாள். காவலர் அங்கே இல்லை. சாயாக் கடையிலும் இல்லை.

சத்தம் போட்டால் அவன் வெறுங்கையோடு போய்விடுவான். சும்மா இருந்தால் எட்டாவது சைக்கிளும் அவள் தலையில் விழும். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, வெளிப்பக்கமாகச் சுற்றிப் பின்வாசலுக்குப் போய் நின்றாள். போன் செய்ய வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவன் ஒரு சிவப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பாரில் சங்கிலி பூட்டியபடி தொங்கியது.

"பூட்டு தொங்குதே?" என்றாள்.

"சாவி களஞ்சு போயி" என்று சிரித்தான். சாவி தொலைந்துவிட்டதாம்.

அவள் இரண்டு கையாலும் காரியரைப் பிடித்தாள். சிரிப்பு போய்விட்டது. சைக்கிளை உலுக்கினான். பிறகு பையால் அவள் கையில் ஓங்கி அடித்தான். உள்ளே இரும்பு இருந்திருக்க வேண்டும், சுண்டுவிரல் நகம் பிய்ந்தது. அவள் விடவில்லை. கத்தவும் இல்லை, கத்தினால் பிடி தளரும் என்று நினைத்தாள். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு சுமட்டுக்காரர்கள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். அவன் பையைப் போட்டுவிட்டு ஓட, சந்தில் வைத்து மடக்கிவிட்டார்கள். பைக்குள் ஸ்பானர் இருந்தது.

பாலராமபுரத்துக்கு அப்பால் அவன் காட்டிய ஒரு பழைய இரும்புக் கடையில் நாலு சைக்கிள்கள் கிடைத்தன. மூன்று கிடைக்கவே இல்லை.

பலகையை எடுத்தார்கள். ஷிஜா ஒரு வாரம் கூடவே நின்று, வளையங்களைத் தோண்டிப் புதைத்துக் கான்கிரீட் போடவைத்தாள். போட்டு முடித்த அன்று மாடம்மாளிடம் ஸ்பானரும் கடப்பாரையும் கொடுத்து, "சேச்சி, இனி இதில ஒண்ணு மோஷ்டிச்சுக் காட்டு" என்றாள். திருடிக் காட்ட வேண்டுமாம். மாடம்மாள் விரலில் கட்டோடு அரை மணி நேரம் முயன்றாள், முடியவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள்: வளையம் தாழ்வாக இருக்கிறது, சங்கிலி சைக்கிள் சட்டத்துக்கு எட்டாமல் பலர் முன்சக்கரத்தை மட்டும் பூட்டுகிறார்கள், சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைக் கொண்டு போகலாம். ஷிஜா அடுத்த நிறுத்தத்தின் வரைபடத்தில் உயரத்தை மாற்றி எழுதினாள்.

தாசையனின் சைக்கிள் கிடைத்த நாலில் ஒன்று. சீட் மட்டும் வேறு. மறுபடி அதில் வந்த முதல் நாள் காலை, தலையைக் குனிந்தபடி உள்ளே போகப் பார்த்தான். ஆட்கள் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த நேரம்.

மாடம்மாள் வாசலில் குறுக்கே நின்றாள். "அண்ணாச்சி, அன்னைக்கு நாப்பது பேரு முன்னால சொன்னீங்க. இதயும் இவங்க முன்னால சொல்லிட்டுப் போங்க."

தாசையன் சுற்றிலும் பார்த்தான். என்னவோ முனகினான்.

"கேக்கல."

"நீ எடுக்கல்ல" என்றான், இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுக்கிடுங்க, எனக்க தப்பு."

அவள் வழிவிட்டாள்.