வாசலில் யாரும் இல்லை

தோசை வருவதற்குள் பார்த்துவிடலாம் என்றுதான் கைப்பேசியைத் தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைத்தேன். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எதிரே தங்கை. முந்தின நாள் நான் தோற்ற டென்னிஸ் ஆட்டத்தை அவள்தான் படம் பிடித்திருந்தாள். தோசை வந்தது, ஆறியது. என் கை தட்டுப் பக்கமே போகவில்லை.

பல்கலைக்கழக அணியில் ஒற்றையர் ஆட்டத்துக்கு ஒரே ஓர் இடம் பாக்கி. அதற்கு நானும் இன்னொருத்தியும் மோதுகிறோம். இரண்டு ஆட்டத்தில் ஆளுக்கு ஒன்று ஜெயித்தாயிற்று. வரும் சனிக்கிழமை மூன்றாவது. அதில் தோற்றால் இந்த ஆண்டு முழுக்க நான் பெஞ்சில்தான்.

நேற்றுக் கடைசி செட்டில் ஐந்துக்கு இரண்டு என்று முன்னால் இருந்தேன். ஏழுக்கு ஐந்தில் தோற்றேன். கால்தான் காலை வாரிவிட்டது என்று நம்பினேன். கால் தளரக் கூடாது என்றுதானே ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கின் படிகளில் இத்தனை மாதம் ஏறி இறங்கினேன்! பக்கத்து வீட்டு ஆன்டி, "என்ன பாப்பா, லிஃப்ட் கெட்டுப்போச்சா?" என்று கேட்கிற அளவுக்கு.

படத்தில் என் கால்கள் நன்றாகவே ஓடின. கெட்டுப்போனது வேறு. ஒரு புள்ளி முடிந்ததும் எதிராளி பின்வேலி வரை நடக்கிறாள், முகம் துடைக்கிறாள், மட்டையின் நரம்பைச் சரி செய்கிறாள், மூச்சு விட்டுவிட்டுத் திரும்புகிறாள். நானோ, பந்து கைக்கு வந்த கணமே சர்வை அடித்துவிடுகிறேன். தப்பு. உடனே அடுத்தது. அதுவும் தப்பு. தோற்கத் தோற்க வேகம் கூடுகிறது.

"அக்கா, எம்ஆர்டி ரயில் கதவு மூடப் போற மாதிரியே சர்வ் போடுற லா."

"கால் போச்சுடி. சீக்கிரம் முடிச்சிடலாம்னு நெனச்சிருப்பேன்."

"கால் போச்சா? தோத்துட்டு மேம்பாலத்துல ஏறி பஸ் பிடிக்க எப்படி ஓடுன தெரியுமா? நாந்தான் நாக்கு தள்ளிப் பின்னாடி வந்தேன்!"

சிரிக்க வாய் திறந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒவ்வொரு சர்வுக்கும் முன்னால் என் தலை இடப்பக்கம் திரும்பியது. ஒரு நொடிதான். படத்தைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். அடுத்த சர்வ், மறுபடி இடப்பக்கம். அங்கே கோர்ட்டின் கம்பி வாசல். வாசலில் ஈ, காக்கா இல்லை.

"யாரக்கா தேடுற?" தங்கையின் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

யாரைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு அடுத்த மணிக்கு கோர்ட் எடுத்தவர்களை.

நான் ஆட்டம் கற்றதே ஒரு மணி நேர வாடகை கோர்ட்டில்தான். முன்பதிவு கிடைப்பதே அதிர்ஷ்டம். நேரம் முடியுமுன்பே அடுத்த குழு மட்டையோடு வாசலில் வந்து நின்றுவிடும். அப்பா கத்துவார்: "பந்தப் பொறுக்கிட்டு நிக்காத, அடி, அடி! ஆளு வந்துட்டாங்க பாரு!" நின்று மூச்சு விடுவது வீண் என்று பழகினேன். நெருக்கடி வந்தால் வாசலைப் பார், வேகமாக அடி. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவில் விதி இருபத்தைந்து வினாடி கொடுக்கிறது. என் உடம்பு அதை அடுத்தவருடைய நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது, இத்தனை வருடமும்.

காரணம் தெரிந்துவிட்டதே, இனி என்ன என்று அன்று சாயங்காலமே, யாரோ ரத்து செய்த ஒரு மணி நேரத்துக்கு, தங்கையை இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்வேலிக்கு நடந்தேன், நரம்பைப் பார்த்தேன், நீளமாக மூச்சு விட்டேன். அருமையாக வந்தது. கடைசி சில நிமிடங்கள் இருக்கும்போது இரண்டு அங்கிள்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

தங்கை மட்டையைத் தாழ்த்தினாள். "அக்கா, நான் இன்னும் ரெடியே ஆகல. நீ ரெண்டு சர்வ் போட்டுட்ட."

"நானா?"

"நீதான். மூச்சும் விடல."

இது படத்தைவிடப் பெரிய அடி. தெரிந்த பிறகும், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கை தன் பாட்டுக்கு அடித்திருக்கிறது. எனக்கு நினைவுகூட இல்லை. மட்டையைப் பையில் வைத்தேன். அங்கிள்களில் ஒருவர், "மெதுவா எடுத்துக்கம்மா, அவசரம் இல்ல," என்றார். சொன்னவர் அதற்குள் உள்ளே வந்து நின்றிருந்தார்.

பஸ்ஸில் தங்கை, "ஆளே வராத நேரமாப் பாத்து புக் பண்ணலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம். ஆளு நிக்கணும்."

முன்பதிவுச் செயலியைத் திறந்து, சனிக்கிழமைக்குள் கிடைத்த இடங்களில் எல்லாருக்கும் பிடித்த நேரத்தையே எடுத்தேன், வேலை முடிந்து கூட்டம் வாசலில் மொய்க்கும் நேரம். தொடக்கத்தில் சும்மா பந்து தட்டப் போகிறோம். என் பயிற்சி கடைசிப் பத்து நிமிடம்தான். அவர்கள் வந்து நிற்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நான் வாசலுக்கு முதுகைக் காட்டிப் பின்வேலி வரை நடந்து, ஒரு முழு மூச்சு விட்ட பிறகே பந்தைத் தூக்கிப் போட வேண்டும். தங்கை படம் எடுப்பாள். தலை திரும்பினால் அந்தப் புள்ளி அவளுக்கு.