பதினாறு பேர் கேட்ட தீர்ப்பு

"பையில இருக்கற காம்பஸை எடுத்து வெளிய வை."

மாக்சன் பையையே கவிழ்த்தான். காம்பஸ், பாதி தின்ற சாண்ட்விச், ஒற்றைக் காலுறை எல்லாம் நீதிமன்ற வாசலின் சோதனை மேசையில் விழுந்தன.

"இந்தக் காலுறையை வச்சு யாரைக் கொல்லப் போற?" என்றார் காவலர்.

"மோந்து பாருங்க, தெரியும்."

பின்னால் வரிசையில் நின்ற பதினைந்து பேரும் சிரித்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த ஆசிரியை மைனிர் ப்ரோபர்ட் சிரிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அன்றைய வழக்குப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் மதியம் இணையத்தில் வந்ததுதான். மாறவில்லை.

பள்ளத்தாக்கு ஊரான கூம் எர்வினின் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் குற்றவியல் நடத்தினாள். இயற்பியலுக்கு ஏழு பேர் சேர்ந்த வருடம் அவள் வகுப்பில் முப்பது பேர் இருந்தார்கள். மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்பதற்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைப்பாள். குற்றவாளியை முக அமைப்பிலேயே கண்டுபிடிக்கலாம் என்று மண்டை ஓட்டை அளந்த இத்தாலிக்காரரைப் பற்றிய பாடம் வந்தால் ஓர் அளவுநாடாவைக் கொடுத்து முதலில் தன் தாடையை அளக்கச் சொல்வாள்.

"நல்லா அளந்துக்கோங்க. அவர் கணக்குல நான் கொலைகாரி. நாளைக்கு யாரும் வீட்டுப்பாடம் எழுதாம வராதீங்க."

அவள் ஆசிரியையானது நாற்பத்தொன்பதாவது வயதில். அதற்கு முன் பத்தொன்பது வருடம் அதே ஊரின் சிறிய நீதிமன்றத்தில் டவாலி. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நடையில் நின்று பெயர் கூப்பிடும் வேலை. அரசாங்கம் அந்த நீதிமன்றத்தை மூடிவிட்டது. இப்போது அங்கே உடற்பயிற்சிக் கூடம். தபால் வழியில் பட்டம் வாங்கி, பயிற்சி முடித்து நேர்காணலுக்குப் போனபோது தலைமை ஆசிரியர் காடோகன் கேட்டார், "குற்றத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"பத்தொன்பது வருஷமா அவங்களுக்குக் கழிப்பறை எங்க இருக்குன்னு காட்டியிருக்கேன் சார். போற வழியில எல்லாரும் பேசுவாங்க."

வேலை கிடைத்தது.

நவம்பரில் ஒரு நாள் வகுப்பைக் கார்டிஃப் நகரின் பெரிய நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவாள். பஸ்ஸில் அதற்கு மேல் இடமில்லை என்பதால் பதினாறு பேர். தண்டனை சொல்லும் நாளாகப் பார்த்து, பார்வையாளர் இருக்கைகளில் உட்கார வைப்பாள். நீதிபதி வாய் திறக்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு தாளில் தங்கள் தண்டனையை எழுத வேண்டும். அவளும் எழுதுவாள். அவள் எழுதியது இரண்டு மாதத்துக்கு மேல் தப்பியதில்லை.

முதல் வருடம் ஒரு பையனின் மாமா கூண்டில் வந்து நின்று, மருமகனைப் பார்த்துக் கையாட்டிவிட்டார். அதற்குப் பிறகு முந்தைய நாளே பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும் வழக்கம் வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் குடும்பப் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாதிப் பேர் டேவிஸ், மீதிப் பேர் மார்கன். அதனால், "இதுல யாராவது உங்க வீட்டு ஆளா? காரணம் கேக்க மாட்டேன்," என்று மட்டும் கேட்பாள். இந்த முறை யாரும் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் எண் நீதிமன்றம். கிரெய்க் ஹாலட், நாற்பத்தொரு வயது. மூன்று தேவாலயங்களின் கூரையிலிருந்து ஈயத் தகட்டை உரித்து விற்றதாக ஒப்புக்கொண்டவர்.

கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் வந்ததும் மாக்சன் பக்கத்திலிருந்த பெண் பக்கம் குனிந்தான். "காதைப் பாரு. அந்த இத்தாலித் தாத்தா பார்த்திருந்தா தொட்டில்லயே விலங்கு மாட்டியிருப்பார்."

நீதிபதி வந்தார். எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். எழுத்தர் கூண்டைப் பார்த்து, "குற்றவாளி எழுந்து நிற்கவும்," என்றார். ஹாலட் எழுந்தார். பார்வையாளர் பக்கத்தில், இரண்டாம் வரிசையில், மாணவி டிரியன் போவனும் எழுந்தாள்.

மற்றவர்கள் பள்ளி மேல்சட்டையில் வந்திருக்க, அவள் மட்டும் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தாள். கடையில் பகுதிநேர வேலைக்கு நேர்காணல் இருக்கும் என்று மைனிர் காலையில் நினைத்திருந்தாள். இப்போது புரிந்தது. எழுந்து போய்ப் பெண்ணுக்கும் மாக்சனுக்கும் நடுவில் உட்கார்ந்து, முழங்கையைப் பிடித்து அவளை உட்கார வைத்தாள்.

"யாரு?"

"அப்பா."

"நேத்து கேட்டேனே."

"வீட்டு ஆளான்னு கேட்டீங்க மிஸ். அவர் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆச்சு."

"வெளிய போயிடலாம் வா."

"அம்மா என்னை விட மாட்டாங்க. இப்படித்தான் வர முடிஞ்சுது. உள்ள போறதுக்கு முன்னாடி நான் வந்தேன்னு அவருக்குத் தெரியணும். அவ்ளோதான்."

உறவினர் வழக்கென்றால், பள்ளி விதிப்படி அந்த நிமிடமே அவளை வெளியே கூட்டிப்போக வேண்டும். மைனிருக்கு விதி நன்றாகத் தெரியும். அதைத் தட்டச்சு செய்ததே அவள்தான். கண்ணாடியைப் பார்த்தாள். கூண்டுக்குள் எரிந்த விளக்கு அதில் பளபளத்தது. உள்ளே இருப்பவருக்குத் தன் முகத்தைத் தவிர வேறு எதுவும் சரியாகத் தெரியாது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

"அழுதா கூட்டிட்டுப் போயிடுவேன்."

"அழ மாட்டேன்."

அரசு வக்கீல் பழைய வழக்குகளைப் படித்தார். நான்கு. ஹாலட்டின் வக்கீல், இளம் பெண், அவருடைய முதுகுவலியையும் பறிபோன வேலையையும் சொன்னார். பிள்ளைகள் தாளில் எழுதினார்கள். டிரியன் எழுதவில்லை. மாக்சன் மைனிரைத் தாண்டி அவளை எட்டிப் பார்த்தான். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டான்.

இருபது மாதம் என்றார் நீதிபதி. கீழே காவலறைக்குக் கூட்டிப்போகும்போது ஹாலட் இந்தப் பக்கம் பார்த்தார். பார்வை பதினாறு தலைகள் மேலும் ஒரே மாதிரி ஓடிப்போனது.

"பார்க்கல," என்றாள் டிரியன்.

"எழுந்திரு."

நடையில் டவாலி அங்கியோடு கிளெனிஸ் நின்றாள். பழைய நீதிமன்றத்தில் மைனிரோடு வேலை பார்த்தவள்.

"என்னடி, பள்ளிக்கூடத்தையே ஓட்டிட்டு வந்துட்ட?"

"அந்த ஆளோட வக்கீல் கீழ இறங்கிட்டாளா?"

"இன்னும் இல்ல. ஏன்? கீழ நீயும் போக முடியாது, நானும் போக முடியாது."

"தெரியும். வக்கீல் போவா. போய்த்தான் ஆகணும். ஒரு நிமிஷம் அவளை நிறுத்து."

கிளெனிஸ் பெண்ணைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். உள்ளே போய் வக்கீலைக் கூட்டிவந்தாள். மைனிர் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். வக்கீல் நேராக டிரியனிடம், "என்ன சொல்லணும்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது வரிசை. வெள்ளைச் சட்டை. கடைசி வரைக்கும் இருந்தேன்."

பஸ் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தது. ஓட்டுநர் இரண்டு முறை இறங்கிக் கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். வக்கீல் மேலே வந்தார்.

"சொல்லிட்டேன். முதல்ல நம்பல. சட்டை நிறத்தை ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் உட்கார்ந்துட்டார்."

"ஏதாவது சொன்னாரா?"

"அம்மாவுக்குத் தெரிய வேணாம்னார்."

டிரியனுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு மூக்கும் ஒழுகியது. மைனிர் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

பஸ்ஸில் மைனிர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாலு மணிக்கு உங்க அம்மாவுக்கு ஃபோன் பண்ணப் போறேன்."

"மிஸ்! அப்பா சொன்னாரே..."

"அவர் சொல்றதைக் கேக்கறதா இருந்தா நீ இன்னைக்கு வந்திருக்கவே வேணாம். அவர் உங்க அம்மாவுக்குப் பயப்படறார். எனக்குப் பயம் இல்ல. இப்ப மணி ரெண்டே கால். எனக்கு முன்னாடி நீ பேசிட்டா நல்லது."

"அம்மா கத்துவாங்க."

"கத்தட்டும். எங்கிட்டயும் கத்துவாங்க. அப்புறம் சிறைக்கு யார் கூட்டிட்டுப் போறதுன்னு பேச்சு வரும். பதினெட்டு ஆகற வரைக்கும் நீ தனியாப் போக முடியாது."

மூன்றரைக்கு, பஸ் பள்ளத்தாக்குச் சாலையில் ஏறும்போது, டிரியன் ஃபோனை எடுத்தாள். முன்வரிசைவரை கத்தல் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு டிரியனின் அம்மா, தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சீருடையோடு பள்ளிக்கு வந்தார். காடோகனின் அறையில் அவரோடும் மைனிரோடும் பதினைந்து நிமிடம் இருந்தார். முதல் பத்து நிமிடம் சத்தம். பிறகு எந்தச் சிறை, பார்க்கப் போக எந்தப் படிவம் என்று கேட்டார். மைனிர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். விதியை மீறியதற்கு ஒரு பக்க விளக்கம் வேண்டும் என்றார் காடோகன். அவள் இரண்டாம் பாடவேளையில் அதை எழுதினாள். பெண்ணை ஏன் வெளியே கூட்டிப்போகவில்லை என்ற இடத்தில், உள்ளேயே இருக்கட்டும் என்று தானே முடிவு செய்ததாக எழுதினாள். மூன்றாம் பாடவேளையில் தண்டனையின் நோக்கங்களை நடத்தினாள். இரண்டு பேர் வரவில்லை, ஜலதோஷம். டிரியன் வந்திருந்தாள், குறிப்பு எடுத்தாள். வெளியே மழை. பதினொன்று ஐம்பதுக்கு மணி அடித்தது.