அடுக்களையில் இந்திப் பாடம்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், சில மாதங்கள் நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த எங்கள் வீட்டிலேயே போய்க் குடியிருந்தோம். மாநில எல்லையில் இருக்கும் பனச்சமூடு சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, அப்பா கடன் வாங்கிக் கட்டிய வீடு. ரப்பர் விலை விழுந்த பிறகு, அதன் வாடகையில்தான் அதன் தவணையே போய்க்கொண்டிருந்தது.

அதில் முன்பு இருந்தவள் குளத்தூர்க் கடற்கரைக்காரி. கடல் ஏறி வீடு போனதால் புருஷனோடு மேலே வந்தவள். அவன் மங்களூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போனான். முதலில் பணம் வந்தது, பிறகு போன்கூட வரவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் அவள் எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, கொஞ்ச நாளு கூடிப் பொறுக்கணும். அவரு வந்திருவாரு."

"இதத்தானே போன மாசமும் சொன்னே. ஓணம் கழிஞ்சா வீடு ஒழியணும். வேற ஆளு உண்டு" என்றார் அப்பா.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

ஓணத்துக்கு முன்பே அவள் அந்த வீட்டு அடுக்களையில் செத்துப்போனாள். வலிப்பு என்று எனக்குச் சொன்னார்கள். சந்திப்பில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும்.

அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார், அடுக்களைக்கு மட்டும் இரண்டு தடவை. அவர் சொன்ன 'வேற ஆளு' வரவேயில்லை. போனில் வீட்டின் படத்தைப் பார்த்து வந்தவர்கள் டீக்கடையில் வழி கேட்பார்கள். கடைக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அந்த வீட்டிலயா தாமசிக்கப் போறிய?" என்று மட்டும் கேட்பார். அவர்கள் அப்படியே அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அப்பா ஆள் வைத்துப் பூசை செய்தார். சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அதன்பின் சந்தேகம் தீர்ந்துபோயிற்று.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"குடும்பமாட்டு ஆளு இருக்கத நாலு பேரு பாத்தாத்தான் வீடு வாடகைக்குப் போவும். நீங்க ரெண்டு பேரும் அங்க போய் இரிங்க."

"எனக்குப் பேடியாட்டு இருக்கு" என்று பயந்தாள் அம்மா.

"செத்தவ வரமாட்டா. கடன்காரன் வருவான் ஆக்கும்."

விடியுமுன் ரப்பர் வெட்ட வேண்டும் என்று அவர் மட்டும் பழைய வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம். ஜன்னலைத் திறந்தால் இரண்டு மாநிலத்துப் பஸ்ஸும் தெரியும். அதைவிடப் பெரிய சந்தோஷம், அம்மா மாறியது. அதுவரை என் புத்தகப் பையைத் தொட்டும் பார்க்காதவள், அடுப்பைப் பற்றவைக்கும் முன் என்னைக் கூப்பிடுவாள்.

"மக்கா, புத்தகத்த எடுத்துட்டு இஞ்ச வந்து இரி. சத்தமாப் படி."

தேங்காய் துருவச் சொல்லமாட்டாள், வெங்காயம் உரிக்கச் சொல்லமாட்டாள். சுவரில் முதுகை ஒட்டவைத்து, தலையைத் தூக்காமல் மரச்சீனிக் கிழங்கு நறுக்குவாள். நான் இந்திப் பாடத்தைத் தப்பும் தவறுமாக வாசிப்பேன். ஒரு வார்த்தை இந்தி தெரியாத அம்மா தலையாட்டிக்கொண்டே இருப்பாள். தண்ணீர் குடிக்க நிறுத்தினால், "நிறுத்தாத மக்கா" என்பாள். பாடம் முடிந்தது என்றால், "முதல்ல இருந்து படி."

கிறிஸ்துமஸ் பரீட்சையில் இந்தியில் நான்தான் வகுப்பில் முதல். வீட்டில் யார் சொல்லித்தருகிறார்கள் என்று டீச்சர் கேட்டார். அம்மா என்றேன்.

அப்பாவின் யோசனை பலித்தது. எங்கள் துணி முற்றத்தில் காய்வதைத் தினமும் பார்த்து, டீக்கடைக்காரரும் கேட்பதை விட்டுவிட்டார். அம்பூரியிலிருந்து ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்து முன்பணம் கொடுத்தது. சாவி வாங்கும்போது அந்தப் பெண் அம்மாவிடம் கேட்டாள்.

"அடுக்களையில நல்ல வெளிச்சம் உண்டா அக்கா?"

"உண்டு" என்றாள் அம்மா. குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

பழைய வீட்டுக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், இந்திப் புத்தகத்தோடு அடுக்களை வாசலில் போய் நின்றேன். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்ச என்ன வேல உனக்கு? வெளிய போய்ப் படி."

நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டேன்.