கல்லுக்குள் யாரோ

நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தச் சத்தத்தை நான் மட்டும் கேட்கவில்லை. என் அக்காவும் கேட்டாள்.

பாறைகளின் பலம் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பூமியைத் துளைத்து எடுத்த உருளைக் கல்லை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே நிறுத்தி அழுத்துவோம். பாரம் ஏற ஏற, உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும். ஒவ்வொன்றும் ஸ்பீக்கரில் 'டிக்' என்று கேட்கும். அது விழுந்த இடம் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். முதலில் அங்கொன்று இங்கொன்று. பிறகு ஒன்றோடொன்று சேரும். எல்லாம் சேர்ந்துவிட்டால் கல் பிளக்கும்.

நீண்ட விடுமுறை. மற்றவர்களுக்குக் குடும்பம் இருந்தது. வேலை என் தலையில் விழுந்தது. அடித்தளத்து அறையில் நானும் கல்லும்தான். வாய் திறந்து பேசியே இரண்டு நாளாகியிருந்தது.

மாலையில் பாரம் ஏற்றுவதை நிறுத்தினேன். சத்தம் அடங்க வேண்டும். அடங்கவில்லை.

டிக்... டிக்... டிக்.

சற்று இடைவெளி. மறுபடியும் மூன்று.

விரிசல் இப்படித் தாளம் போடாது. கருவிக் கோளாறு என்று ஸ்பீக்கரை அணைத்தேன். அப்போது அக்கா போன் செய்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"இல்லக்கா."

"யாரோ கதவத் தட்டுறாங்க பாரு."

நான் திரும்பினேன். ஸ்பீக்கர் அணைந்தே இருந்தது; சத்தம் கல்லிலிருந்தே வந்தது.

"கதவு இல்லக்கா... கல்லு."

போனை வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், அந்த அறையில் என்னைத் தவிர யாரோ இருக்கிறார்கள்... விரலால் மேசையில் இரண்டு முறை தட்டினேன்.

நிசப்தம்.

டிக், டிக்.

ஆவலோடு. அவசரமாக.

திரையில் புள்ளிகள் கோடாகச் சேர்ந்தன. நான் நின்ற பக்கமாக வந்தன. இடம் மாறி நின்றேன்.

கோடும் திரும்பியது.

பாரத்தை முழுவதும் இறக்கினேன்.

நிற்கவில்லை.

படார்!

கல் இரண்டாகக் கிடந்தது. சோதனைக்கு முன் உலையில் காயவைத்த கல். பிளந்த இடம் ஈரமாக இருந்தது.

ஓடிவிட்டேன்.

விடுமுறை முடிந்ததும், அந்தக் கல்லை எடுத்த துளையைப் போட்ட மேஸ்திரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சுரங்கம் இடிந்து ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டபோது, அவரை எட்டுவதற்காக மேலிருந்து போட்ட துளையாம்.

"நாங்க குழாய்ல தட்டுவோம். கீழேருந்து பதில் தட்டு வரும். அந்த நம்பிக்கையிலதான் ரெண்டு நாள் தூங்காம துளைச்சோம்."

"காப்பாத்தினீங்களா?"

"எங்க காப்பாத்துறதும்மா... கூரை விழுந்த நிமிஷமே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்போ தட்டினது?"

அவர் மெதுவாகக் கேட்டார்:

"நீங்க திருப்பித் தட்டினதாவா சொன்னீங்க?"