மூன்றாவது சோதனை

எண்பதுகளின் பிற்பாதியில் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கிடங்குக்குள் போகும் தோல்களைப் பதிந்து வைப்பதுதான் அந்த இயந்திரத்தின் ஒரே கடமை. அதையும் ஆமை வேகத்தில் செய்தது.

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தேன். ஃப்ளாப்பியில் எந்த இடத்தில் எழுதுவது என்று ஓர் எண் வரும். அது சரிதானா என்று எங்கள் பதிவு புரோகிராம் பார்க்கும். பிறகு ஆபரேட்டிங் சிஸ்டம் பார்க்கும். கடைசியில் ஃப்ளாப்பியை இயக்கும் டிரைவர் புரோகிராமும் பார்க்கும். அது பார்த்து முடிப்பதற்குள், சுழலும் தட்டில் எழுத வேண்டிய இடம் தாண்டிப் போய்விடும். அடுத்த சுற்று வரும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். மூன்றாவது சோதனையைத் தூக்கினேன். இயந்திரம் பறந்தது.

தலைகால் புரியாமல் மேனேஜரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் விளக்கினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ரெண்டு பேரு பாத்தத மூணாவது ஆள் இன்னாத்துக்குப் பாக்கணும்? கரெக்ட் தம்பி. நம்ம கிடங்குலயும் அதே பேஜார்தான்" என்றார்.

கிடங்கு வாசலில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். தரம் பார்ப்பவர் ஒரு முத்திரையும் சூப்பர்வைசர் ஒரு முத்திரையும் குத்தி அனுப்பிய தோலை இவர் புரட்டி, இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து, "சரி" என்பார். பல வருஷமாக ஒரு தோலைக்கூட அவர் திருப்பி அனுப்பியதில்லை. ஊரில் வேறு எந்தத் தொழிற்சாலையிலும் இல்லாத வேலை அது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலை, நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்த்துவிட்டு மேனேஜரை அழைத்தேன். கூசாமல் பொய் சொன்னேன்.

"தப்பாய்டுச்சு சார். மூணாவது சோதனை இல்லன்னா எழுதினது மொத்தமும் அழிஞ்சிடும்."

இயந்திரம் முக்கி முனகுவதை அவர் பயபக்தியோடு பார்த்தார். "கம்ப்யூட்டருக்கே மூணு வேணும்னா, நாம எந்த மூலைக்கு?" என்று அப்போதே கிடங்குக்குச் சொல்லி அனுப்பினார்.

சற்று நேரத்தில் ஸ்டூல்காரர் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசி அறையின் வாசலில் நின்றார்.

"மேனேஜர் சொன்னாரு சார். உள்ள பாத்துக்கினு இருந்தவரையும் நிறுத்திட்டிருந்தீங்களாமே, அவரையும் திரும்ப எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"நல்லதா போச்சு. அவரும் புள்ளகுட்டிக்காரரா இருப்பாரு."

இரண்டு வருஷம் கழித்துப் புது இயந்திரம் வந்தது. அதன் டிரைவரில் அந்தச் சோதனை இல்லை. நானே உட்கார்ந்து எழுதிச் சேர்த்தேன்.